பேட் யாருடையது? – விடியோ கேம் விளையாட்டான வரலாறு



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்குழு உங்களுக்கு நினைவிருக்கும். எல்லா அலுவலும் முடிந்து, பந்திக்கு எல்லோரும் எழுந்துகொண்டிருந்த நேரம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 5 பேர் கையில் ஒரு மனுவோடு மேடையருகே வந்து நின்றார்கள். ஆண்டு விளையாட்டு விழாவில் விடியோ கேம் போட்டியையும் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னாள் மாணவர் சங்கம் ஒரு சுழற்கோப்பை தர வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் மற்ற டீம்களுக்குக் கிடைப்பதுபோல் தங்களுக்கும் ஓ.டி. கிடைக்கச் சங்கம் பரிந்துரைக்க வேண்டும். இதுதான் மனு.

பந்தி அரை மணி நேரம் தாமதமாயிற்று. அந்தக் காலத்து வாலிபால் கேப்டன் அண்ணன் ஒருவர் எழுந்து, "வேர்வை வராத விளையாட்டு என்ன விளையாட்டுடா? நாளைக்குச் சீட்டாட்டத்துக்கும் கப்பு கேப்பீங்களா?" என்றார். "செஸ்ஸுக்கு மட்டும் வேர்க்குதாண்ணே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு. முடிவு இந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

"நீ நெட்வொர்க் இன்ஜினியர். ஹாஸ்டலில் கேம் ஆடி ஒரு அரியரும் வைத்தவன். இதன் வரலாற்றை நீயே எழுது" என்று மலர்க் குழுவினர் என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் சொன்ன இரண்டும் உண்மை என்பதால் மறுக்க முடியவில்லை. இன்று மாலை கூட்டத்தில் கை தூக்குவதற்கு முன் ஒரு முறை இதைப் படித்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதல் போட்டியும் முதல் பரிசும்

விடியோ கேம் போட்டி ஏதோ செல்போன் வந்த பிறகு முளைத்த சமாசாரம் என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'ஸ்பேஸ்வார்' என்ற கேமை எழுதினார்கள். திரையில் இரண்டு விண்கலங்கள், நடுவில் ஒரு நட்சத்திரம். அதன் ஈர்ப்பு விசையில் சிக்காமல் எதிராளியைச் சுட வேண்டும். அது ஓடிய பி.டி.பி.-1 கம்ப்யூட்டரின் விலையோ லட்சம் டாலருக்கு மேல். அதை வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஆகவே கேமை விற்றுக் காசு பார்க்க வழியில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இனாமாகவே கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் இருந்த பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் அது பரவியது. இந்த 'இனாம்' விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

பத்தாண்டு கழித்து, 1972 அக்டோபர் 19 அன்று, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் மாணவர்களும் ஆய்வாளர்களும் கூடி இதே கேமில் ஒரு போட்டி நடத்தினார்கள். பேர் என்ன தெரியுமா? ஒலிம்பிக்ஸ்! பரிசு, 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா. நம் ஹாஸ்டல் டே கேரம் போட்டிக்குக்கூட இதைவிடப் பெரிய பரிசு கொடுத்திருக்கிறோம்.

அதே 1972-ல் அட்டாரி கம்பெனி 'போங்' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. டேபிள் டென்னிஸைத் திரையில் ஆடுவதுதான் அது. காசு போட்டால் ஆட்டம். 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வெளியிட்டது. அந்தக் கேமை வைத்து 1980-ல் அட்டாரி அமெரிக்கா முழுவதும் நடத்திய போட்டியில் 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். 1997-ல் 'குவேக்' என்ற கேமின் போட்டியில் டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் ஜெயித்தபோது, அந்தக் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தன் சொந்த ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்துவிட்டார். பத்திரிகைச் சந்தாவிலிருந்து ஃபெராரி வரை வர 25 ஆண்டுகள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போட்டி வேறு, விளையாட்டுத் துறை வேறு. பொங்கலுக்கு உறியடி நடக்கிறது, வழுக்கு மரம் ஏறுகிறார்கள். ஜெயித்தவனுக்குப் பரிசும் உண்டு, கைதட்டலும் உண்டு. அதோடு கலைந்து போகிறோம். அடுத்த ஆண்டு அட்டவணை இல்லை, சங்கம் இல்லை, பயிற்சியாளர் இல்லை, தப்பு செய்தவனைத் தடை செய்ய ஆள் இல்லை. அமெரிக்காவில் அதுவரை நடந்தவை பெரும்பாலும் உறியடி ரகம். அதை ஒரு துறையாக்கிக் காட்டியது தென் கொரியா.

கொரியா செய்த வேலை

1997 கடைசியில் தென் கொரியாவின் பொருளாதாரம் ஆட்டம் கண்டது. சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கும் நிலை. பல கம்பெனிகளில் ஆட்குறைப்பு. வேலை போனவர்களில் பலர் கையில் கிடைத்த பணத்தில் வாடகைக் கம்ப்யூட்டர் கடை வைத்தார்கள். கொரிய மொழியில் அதற்கு 'பி.சி. அறை' என்று பெயர். நம் ஊர் பிரவுசிங் சென்டருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் அரசாங்கம் நாடு முழுக்க அதிவேக இன்டர்நெட் இழுக்கப் பணம் போட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் கம்பெனி 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற கேமை வெளியிட்டது. கடை இருந்தது, கம்பி இருந்தது, வேலையில்லாத இளைஞர்கள் இருந்தார்கள். கேம் வந்து சேர்ந்ததும் பற்றிக்கொண்டது.

இந்த இடத்தில் இன்ஜினியராக ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். சியோலிலிருந்து பூசான் நேர்க்கோட்டில் சுமார் 325 கி.மீ. போய்வர 650 கி.மீ.; 3 மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வரில் ஆடினால் போக 2,900 கி.மீ.; போய்வர குறைந்தது 29 மில்லி வினாடி. நடுவில் உள்ள ரவுட்டர்கள் சாப்பிடும் நேரம் தனி. சிறிய நாடு, நல்ல கம்பி, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். அதாவது மேடு பள்ளம் இல்லாத சம மைதானம் கொரியர்களுக்கு இயற்கையாகவே அமைந்துவிட்டது.

பிறகு அவர்கள் செய்தவைதான் முக்கியம். 2000-ல் கொரிய ஈ-ஸ்போர்ட்ஸ் சங்கம் அரசு அங்கீகாரத்துடன் தொடங்கப்பட்டது. கேமுக்கென்றே டி.வி. சேனல் வந்தது. எஸ்.கே. டெலிகாம், கே.டி., சாம்சங் போன்ற பெரிய கம்பெனிகள் அணிகளை வைத்துச் சம்பளம் கொடுத்தன. ஆட்டக்காரர்கள் ஒரே வீட்டில் தங்கி, கோச் சொல்படி காலை முதல் இரவு வரை பயிற்சி செய்தார்கள். லிம் யோ-ஹ்வான் என்ற ஆட்டக்காரரை ரசிகர்கள் 'பேரரசர்' என்று அழைத்தார்கள். 2004-ல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாகச் செய்தி வெளியாயிற்று. 2014-ல் இன்னொரு கேமான 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சியோல் உலகக் கோப்பை ஸ்டேடியத்தில் நடந்தபோது சுமார் 40,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். 2002-ல் உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதி நடந்த அதே ஸ்டேடியம்!

அங்கே ஆண்கள் எல்லோரும் ராணுவத்தில் கட்டாயம் பணி செய்தாக வேண்டும். இருபது வயதில் உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரன் பட்டாளத்துக்குப் போனால் திரும்பி வரும்போது கை வேகம் போயிருக்கும். இதற்காகவே 2007-ல் கொரிய விமானப்படை தனக்கென ஒரு கேம் அணியை அமைத்தது. நம் ஊரில் ரயில்வே, சர்வீசஸ் டீம்கள் இருக்கிற மாதிரி. பேரரசர் லிம்மும் அதில் ஆடினார். 2012 வரை அந்த அணி இருந்தது.

நடுவர்களோ கறார் பேர்வழிகள். ஆட்டத்தின் நடுவே அனுமதிக்கப்பட்ட எழுத்துகளைத் தவிர வேறு எழுத்தைத் தட்டிவிட்டதற்காகவே தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் உண்டு. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், நோ-பாலுக்கு அம்பயரோடு சண்டை போடுகிறோம் என்றால் அங்கே ஒரு விளையாட்டு நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

வேர்வைக் கேள்வி

இனி வாலிபால் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் வேர்வையை அளவுகோலாக வைத்தால் பல பேர் வெளியே போக வேண்டியிருக்கும். 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே துப்பாக்கி சுடுதல் இருந்தது. அதில் ஜெயிப்பவன் ஆடாமல் அசையாமல் மூச்சை அடக்கத் தெரிந்தவன். சென்னையின் மானுவல் ஆரன் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். செஸ்ஸுக்கான முதல் அர்ஜுனா விருதும் அவருக்குத்தான். ஆனால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி செஸ் சம்மேளனத்தை அங்கீகரித்தது 1999-ல். கேரமுக்கு, நம் சென்னைக்காரர் மரிய இருதயம் 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். தெருமுனையில் பவுடர் தட்டி ஆடும் கேரம்!

சீட்டாட்டத்துக்கும் கப்பு கேட்பீர்களா என்றார் அண்ணன். அண்ணே, கொடுத்தே விட்டார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சேர்க்கப்பட்டது; ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். அப்போது அவர்கள் வயது 60, 56. ரிடையர் ஆகும் வயதில் நாட்டுக்குத் தங்கம்.

விடியோ கேமில் உடலுக்கு வேலையே இல்லை என்பதும் சரியல்ல. உயர்மட்ட ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரன் நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் கீபோர்டும் மவுசும் தட்டுகிறான். வினாடிக்கு 5 கட்டளை. மணிக்கட்டு வலியால் ஒதுங்கியவர்களும் உண்டு. இருந்தாலும் இது ஓட்டப் பந்தயத்துக்குச் சமமான உழைப்பு என்று நான் வாதாட மாட்டேன். அது தேவையும் இல்லை.

வேர்வையைவிடக் கனமான குற்றச்சாட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று, அடிமைத்தனம். 2005-ல் கொரியாவின் டேகு நகரில் ஓர் இளைஞர் சுமார் 50 மணி நேரம் தொடர்ந்து ஆடிச் செத்தே போனார். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011-ல் சட்டம் வந்தது. அது அவ்வளவாகப் பயன்படவில்லை என்ற விமர்சனத்துக்குப் பிறகு, பெற்றோர் கையில் பொறுப்பைக் கொடுத்து, 2022 தொடக்கத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. இரண்டு, சூதாட்டம். 2010-ல் ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்றுக் காசு பார்த்த விவகாரம் வெடித்தது. முன்னாள் சாம்பியன் உட்பட 11 பேரைச் சங்கம் வாழ்நாள் முழுவதும் தடை செய்தது.

இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் தெரிகிறது. டேகு இளைஞர் தனியாக ஆடினார். போதும் என்று அதட்ட அவருக்கு ஒரு கோச் இல்லை. 11 பேர் பிடிபட்டுத் தண்டனை பெற்றது, பிடிக்கவும் தண்டிக்கவும் ஒரு சங்கம் இருந்ததால். விளையாட்டு என்று பேர் வைத்தால் கெட்டுப் போவார்கள் என்கிறோம். பேர் வைக்காமல் விட்டதால் கெட்டுப் போனதும் உண்டு.

அதற்குச் சாட்சி என் அறை நண்பன். நாங்கள் 2006-ல் சேர்ந்து 2010-ல் வெளியே வந்த பேட்ச். ஜன்னல் வழியே லேன் கேபிள் இழுத்து, அறைக்கு அறை கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிய காலம். நானெல்லாம் கூட்டத்தில் ஒருவன். அவன் கை மட்டும் வேறு. சென்னையில் நடந்த போட்டிகளுக்குப் பஸ் ஏறிப் போய் ஜெயித்துவிட்டு, விடிகாலையில் வந்து படுத்துக்கொள்வான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அதே செமஸ்டரில் கபடி டீம் நண்பர்களுக்கும் அட்டெண்டன்ஸ் குறைந்திருந்தது, அவர்களுக்கு ஓ.டி. உண்டு, பி.டி. சார் உண்டு. "மேட்ச் முடிஞ்சதும் ரெக்கார்டு நோட்டை முடிச்சுக் காட்டணும்" என்று அதட்ட ஆள் உண்டு. இவனுக்கு யாருமில்லை. ஓராண்டு பின்தங்கினான். கம்ப்யூட்டரை விற்றான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான், கேம் பேச்சை மட்டும் எடுக்க மாட்டான். அவனுக்கு ஓ.டி. கொடுத்திருக்க வேண்டும் என்பதல்ல என் வருத்தம். அதட்ட ஓர் ஆள் இருந்திருக்கலாமே என்பதுதான்.

பேட் வைத்திருப்பவன்

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, "அப்போ இதுவும் விளையாட்டுதான்னு சொல்ற, அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். அவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியவில்லை. எனக்கு இடறும் இடம் வேறு.

நாமெல்லாம் தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள். பேட் யாருடையதோ அவன்தான் முதலில் ஆடுவான். போல்டு ஆனால் "ட்ரையல் பால்" என்பான். மீறிப் பேசினால் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எங்கம்மா கூப்பிடறாங்க" என்று வீட்டுக்குப் போய்விடுவான். ஆட்டம் அன்றைக்கு அவ்வளவுதான்.

விடியோ கேமில் பேட் கம்பெனியுடையது. வெறும் பேட் மட்டுமில்லை, பந்து, மைதானம், விதிப் புத்தகம் எல்லாமே அவனுடையது. கொரியாவில் இது 2010-ல் பகிரங்கமானது. பத்தாண்டு பாடுபட்டு லீக்கை வளர்த்தது கொரியச் சங்கமும் சேனல்களும். ஒளிபரப்பு உரிமையை அவர்கள் விற்றபோது, "கேம் என்னுடையது, உரிமையும் என்னுடையது" என்றது பிளிஸ்ஸார்ட். வழக்கு வரை போய், 2011-ல் சமாதானம் ஆனது. வாலிபாலைக் கண்டுபிடித்தவரின் பேரன் வந்து நம் கல்லூரி மைதானத்தில் ராயல்டி கேட்டால் எப்படி இருக்கும்! ஆனால் சட்டப்படி பிளிஸ்ஸார்ட் பேசியதில் நியாயம் இருந்தது.

2018 டிசம்பரில் இதே கம்பெனி தன் இன்னொரு கேமான 'ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம்' லீக் அடுத்த ஆண்டு நடக்காது என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதை நம்பிப் படிப்பை, வேலையை விட்டவர்கள் ஒரே நாளில் தெருவில் நின்றார்கள். நம் நாட்டிலும் அனுபவம் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. 2021-ல் வேறு பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடி எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. கபடிக் கோடு கிழித்த மண்ணை யாரும் இப்படி மாயமாக்க முடியாது.

இந்தச் சிக்கல் விடியோ கேமுக்கு மட்டும் வந்ததா என்று தேடியபோதுதான் எனக்கு ஒரு சுவையான சங்கதி கிடைத்தது. டேபிள் டென்னிஸ்! 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில், சாப்பிட்டு முடித்த மேஜையில் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம் அது. 'பிங்-பாங்' என்ற பெயரை ஜாக்கஸ் என்ற பொம்மைக் கம்பெனி தன் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டது. அமெரிக்காவில் அந்த உரிமை பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்குப் போனது. அந்தப் பெயரில் போட்டி வைத்தால் கம்பெனியைக் கேட்க வேண்டும். ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? பெயரைக் கம்பெனிக்கே விட்டுவிட்டார்கள். 'டேபிள் டென்னிஸ்' என்ற பொதுப் பெயரில் சங்கம் வைத்தார்கள். 1926-ல் சர்வதேச சம்மேளனம் பிறந்தது. தொடக்க உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மட்டையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விதி எல்லோருக்கும் பொது. 1988-ல் அது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. எங்கே? அதே சியோலில்! நம் சென்னைப் பிள்ளை சரத் கமல் 5 ஒலிம்பிக்கில் ஆடிய விளையாட்டு, ஒரு காலத்தில் பொம்மைக் கடைச் சரக்கு.

ஆக, சாப்பாட்டு மேஜை ஆட்டம் விளையாட்டானது வேர்வை கூடியதால் மட்டுமல்ல. பேட் பொதுவானதால். விடியோ கேம் இன்னும் அந்தப் படியைத் தாண்டவில்லை. ஆடுபவன் விளையாட்டு வீரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆடப்படும் பொருள்தான் இன்னும் ஒருவன் கக்கத்தில் இருக்கிறது.

பதக்கமும் சட்டமும்

உலகம் இதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது. 2018 ஜகார்த்தாவில் விடியோ கேம் காட்சிப் போட்டியாக நடந்தது. குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா 'ஹார்த்ஸ்டோன்' என்ற சீட்டு ரக கேமில் வெண்கலம் வென்றார். காட்சிப் போட்டி என்பதால் பதக்கப் பட்டியலில் ஏறவில்லை. 2022 ஹாங்சோ போட்டிகள் கொரோனாவால் தள்ளிப்போய் 2023-ல் நடந்தன. இந்த முறை முறையான பதக்கங்கள். கொரியாவின் முதல் ஈ-ஸ்போர்ட்ஸ் தங்கத்தை 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கேமில் வென்ற கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44! மூட்டு வலி பேசும் என் வயதுக்காரர்கள் குறித்துக்கொள்ளவும். மறுநாள் லீ சாங்-ஹியோக் இடம்பெற்ற அணி 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' தங்கம் வென்றது. ஆசியத் தங்கம் வாங்கியவருக்குக் கொரியாவில் சில வாரப் பயிற்சியோடு ராணுவப் பணியிலிருந்து விலக்கு. அந்த இளைஞர்களுக்கும் அது கிடைத்தது. இந்திய அணிகள் பங்கேற்றும் பதக்கம் கிடைக்கவில்லை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மட்டும் இன்னும் தயங்குகிறது. 2024-ல் சவுதி அரேபியாவுடன் சேர்ந்து தனியாக ஓர் ஈ-ஸ்போர்ட்ஸ் ஒலிம்பிக் நடத்தப்போவதாக அறிவித்தது. 2025 அக்டோபரில் அந்த ஏற்பாடு முறிந்தது.

நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் ஈ-ஸ்போர்ட்ஸை இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், திறமைப் போட்டியான ஈ-ஸ்போர்ட்ஸையும் பணம் கட்டி ஆடும் கேமையும் தனித்தனியாகப் பிரித்து, பின்னதைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை நன்றாகத் தெரியும். ஆன்லைன் ரம்மியில் பணத்தையும் உயிரையும் விட்டவர்கள் பற்றி எத்தனை செய்தி படித்தோம்! 2022-லேயே நம் சட்டமன்றம் அதற்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பெற்றோர்களான அண்ணன்மாரும் அக்காமாரும் 'கேம்' என்றாலே பதறுவது இதனால்தான். அந்தப் பயம் நியாயம். ஆனால் ரம்மி ஆப் வேறு, இந்த 5 பேர் கேட்பது வேறு.

மாலைக் கூட்டத்துக்கு என் கருத்து

கோப்பை கொடுக்கலாம் என்பது என் கட்சி. சில நிபந்தனைகளோடு.

ஒன்று, கபடி டீமுக்கு உள்ள அத்தனை விதியும் இவர்களுக்கும். நடுவர், பயிற்சி நேரம், பொறுப்பாசிரியர் வேண்டும். இரவு நேரப் பயிற்சி கூடாது. அரியர் வைத்தால் டீமில் இடமில்லை. (அந்த விதி அன்று இருந்திருந்தால் நான் முதலில் வெளியே போயிருப்பேன்.)

இரண்டு, நுழைவுக் கட்டணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எந்தப் போட்டிக்கும் ஓ.டி. கிடையாது.

மூன்று, ஓடியாடும் ஒரு விளையாட்டிலும் இந்த டீம் பெயர் கொடுத்தாக வேண்டும். வாலிபால் அண்ணனுக்கு இதில் திருப்தி இருக்கும் என்று நம்புகிறேன்.

நான்கு, கோப்பையின் மேல் எந்தக் கேமின் பெயரையும் பொறிக்கக் கூடாது. வெள்ளிக் கோப்பை ஐம்பது வருஷம் இருக்கும். கேம் அஞ்சு வருஷம் இருக்குமா என்று அதை விற்கும் கம்பெனியாலேயே சொல்ல முடியாது.

கடைசியாக, தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வெறும் ஆட்டக்காரர்கள் இல்லை, இன்ஜினியரிங் மாணவர்கள். 1962-ல் எழுதிய ஸ்பேஸ்வாருக்குச் சொந்தக்காரன் என்று யாரும் உரிமை கொண்டாடவில்லை. இனாமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் பத்தாண்டு கழித்து வேறு ஊரில், வேறு கல்லூரியில் யாரையும் கேட்காமல் முதல் போட்டி நடத்த முடிந்தது. இந்த ஆட்டமே பொதுப் பேட்டில்தான் தொடங்கியது. நிரலும் விதியும் எல்லோரும் பார்க்கும்படி, எந்தக் கல்லூரியும் எடுத்து ஆடும்படி, சின்னதாக ஒரு கேமை நீங்களே ஏன் எழுதக் கூடாது? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வருஷா வருஷம் நூலக மேலாண்மை மென்பொருள் எழுதி எழுதி நாங்கள் அலுத்துவிட்டோம். நீங்கள் ஒரு பேட் செய்யுங்கள். அதில் முதல் மேட்ச் ஆட நாங்கள் வருகிறோம்.

அன்று என் அறை நண்பனையும் எப்படியாவது அழைத்து வருவேன்.